முதலாளியின் பேக்ஹேண்ட்

ஜனவரி 5, வெள்ளி

உரக்கடையில் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் வேப்பம் பிண்ணாக்கு விளம்பரம் இருக்கிறது. அதைக் கிழித்து அடுப்புக்குப் போட்டுவிட்டு இங்கே ஆரம்பிக்கிறேன்.

எழுதச் சொன்னது என் அக்கா மகள் வாணி. "மாமா, டீக்கடையில பேசறத பூரா இதுல எழுதுங்க. அந்தக் கடைக்கார மனுசனும் சித்த பொழைக்கட்டும்" என்றாள். பெரிய வாய்க்காரி. என் வளர்ப்பு.

வெள்ளிங்கிரி ஆகிய நான் பொள்ளாச்சி ஜூபிலி கிளப்பில் நாற்பது வருஷத்துக்கு மேல் மார்க்கராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவன். மார்க்கர் என்றால் கோடு போடுகிறவன் என்று சிலர் நினைக்கிறார்கள். கோடும் போட்டிருக்கிறேன். அது வேறு. மெம்பருக்கு எதிரில் ஆட ஆள் வராத நாளில் எதிரில் நின்று ஆடுகிறவன்தான் மார்க்கர். பந்து போட்டுப் பழக்குகிறவன், மட்டைக்கு நரம்பு பின்னுகிறவன் எல்லாம் அவனே. சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவனை இங்கிலீஷில் புரொபஷனல் என்பார்கள். டி.வி.யில் காட்டுகிறார்களே, அவர்களும் அதுதான், நானும் அதுதான். இந்த வட்டாரத்தில் முதல் புரொபஷனல் நான்தான். எட்டாம் வகுப்பு பெயில் ஆனவன் இவ்வளவு தூரம் வந்தது சாதாரணமில்லை.

அடுத்த மாதம் கிளப்புக்குப் பவள விழா. மலருக்கு என் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்று செகரெட்டரி கோவர்தன் சார் கேட்டிருக்கிறார். இரண்டு பக்கம்! மெட்ராஸ் கதைக்கே பத்தாது.

மெட்ராஸ் கதை இதுதான். எனக்குப் பதினேழு வயது. மெம்பர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு டோர்னமெண்ட் பார்க்கப் போயிருந்தேன். ஒரு ஆஸ்திரேலியாக்காரனுக்குப் பழகுவதற்கு ஆள் வரவில்லை. என்னைக் கூப்பிட்டான். ஒரு செட் ஆடினோம். ஆறுக்கு நாலு, எனக்கு. அவன் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான்.

இதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தெய்வானை அரிசி புடைத்துக்கொண்டே, "போன தடவ அவன் சுவீடன்காரனா இருந்தானே" என்றாள்.

வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தானே.

ஜனவரி 8, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. தெய்வானைக்கு முட்டி வலி. போர் மோட்டார் நேற்றிலிருந்து உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை.

வாணியைப் பற்றி எழுதவில்லை. முழுப்பெயர் கோகிலவாணி. அக்கா போன பிறகு பதினோரு வயதில் என்னிடம் வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மட்டையைக் கையில் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். மாநில அளவில் ஆடியிருக்கிறாள், டெல்லி வரைக்கும் போய் வந்திருக்கிறாள். கணுக்கால் ஒருமுறை பிசகிய பிறகு பெரிய ஆட்டம் நின்றுவிட்டது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், அதுவும் தற்காலிகம்.

கிளப்பில் என் இடம் காலியாகத்தான் இருக்கிறது. மார்க்கர் என்ற பெயரை எடுத்துவிட்டு 'கோச்' என்று போடப் போகிறார்களாம். வாணி மனுப் போட்டிருக்கிறாள். விழா முடிந்ததும் கமிட்டி முடிவு செய்யும். ஒரு பெண் அந்தக் கோர்ட்டில் கோச்சாக நிற்பது இதுவே முதல் தடவையாக இருக்கும். நான் சொன்னால் கமிட்டி கேட்கும். என் பேச்சுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

ஜனவரி 12, வெள்ளி

செகரெட்டரி கூப்பிட்டு அனுப்பினார். பின்பக்க கேட் வழியாகப் போனேன். முன்பக்கம் போகக் கூடாது என்று ஒன்றும் இல்லை. பழக்கம்.

விழாவன்று காட்சி ஆட்டம் ஒன்று வைக்கிறார்களாம். ஒரே ஒரு செட். பிரசிடென்ட் சுகுமாரன் முதலாளிக்கும் எனக்கும்! ஊரே பார்க்கப் போகிறது. மில்லும் தென்னந்தோப்பும் உள்ள மனுஷன், ஆடுவதற்கு இந்த ஜில்லாவில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். என்னைத்தான் கேட்டிருக்கிறார்.

"முதலாளிக்கு அறுபத்தெட்டு ஆச்சு வெள்ளி. பேரப்பசங்க அமெரிக்காவுல இருந்து வர்றாங்க. வழக்கம் போல பாத்துக்க" என்றார் செகரெட்டரி.

"வழக்கம் போல பாத்துக்கறனுங்க சார்."

"உன்ற அக்கா பொண்ணு மனு என்ற டேபிள் மேலதான் இருக்குது. முதலாளி சந்தோசமா இருந்தார்னா அன்னிக்கே மேடையில சொல்லச் சொல்லிடறேன்."

ஒரு காப்பி கொடுத்தார்கள். தோட்டத்துப் பக்கம் நின்றுதான் குடித்தேன். அங்கேதான் காற்று நன்றாக வரும்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. அதற்குப் பிறகு நடந்தது நன்றாக இல்லை.

நாச்சிமுத்து கரும்பு கொண்டுவந்தான். கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுக்கிறவன். நானும் அவனும் ஒரே வருஷம் பந்து பொறுக்கச் சேர்ந்தவர்கள். நான் மேலே வந்துவிட்டேன், அவன் உருளையோடு நின்றுவிட்டான். அந்தப் பொறாமை அவனுக்கு உண்டு.

வாணி குஷியில் இருந்தாள். "நாச்சிமுத்து மாமா, அந்த எண்பத்தொண்ணு ஃபைனல் மாதிரியே இன்னொருக்கா முதலாளிய எங்க மாமா ஜெயிக்கப் போறாரு. நீங்கதான் அன்னிக்கும் பாத்தீங்களாமே?"

எண்பத்தொன்றில் ஜில்லாக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நான் சுகுமாரன் முதலாளியை நேர் செட்டில் வென்ற கதையை வாணிக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். பிள்ளை தூங்குவதற்காகச் சொல்வது.

நாச்சிமுத்து வாயில் கரும்பு. துப்பினான். "எந்த ஃபைனல் கண்ணு? உங்க மாமன் பேரத்தான் ஆரம்பத்துலயே அடிச்சுட்டாங்களே. சம்பளம் வாங்கறவன், புரொபசனலு, மெம்பருகளோட கோப்பைக்கு ஆடக் கூடாதுன்னுட்டாங்க. அன்னிக்கு முதலாளிக்குத் துண்டு எடுத்துக் குடுத்தது இவுருதான்."

"அது வேற வருசம்டா" என்றேன்.

"வேற எந்த வருசம்? ஏன் கண்ணு, உங்க மாமன் மெம்பர ஜெயிச்சுப்போட்டா மெம்பரு மக்கா நாளு ஆட வருவாரா? அது ஒரு தொழிலு. ஆறுக்கு சைபர்னு தோத்தா, வேணும்னே தோக்கறான்னு தெரிஞ்சு போயிரும். ஆறு-நாலு பரவால்ல. ஏழு-அஞ்சுன்னு தோக்கணும். வேர்க்க வெச்சு, மூச்சு வாங்க வெச்சு, கடைசீல ஜெயிக்க வெக்கணும். அதுல உங்க மாமன அடிச்சுக்க ஆளில்ல. முதலாளிக்கு பேக்ஹேண்ட் சுத்தமா வராது. இடது பக்கம் பந்து போனா குடை புடிக்கற மாதிரி மட்டையத் தூக்குவாரு. இத்தன வருசத்துல வெள்ளிங்கிரி அந்தப் பக்கம் ஒரு பந்து போட்டு நான் பாத்ததில்ல."

அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். தெய்வானை அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பொங்கலைத் தள்ளினாள்.

வாணி என்னைப் பார்க்கவில்லை. கரும்புச் சக்கையைக் கூட்டி அள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

மெட்ராஸ் கதை மட்டும் முழுக்க உண்மை. இரண்டு செட் ஆடினோம்.

ஜனவரி 17, புதன்

மாட்டுப் பொங்கலன்று வாணி பேசவே இல்லை. இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"மாமா, நெசமா கேக்கறேன். முதலாளிய ஜெயிக்க உங்களால ஆவுமா?"

"என்ன கேள்வி கண்ணு இது? இடது கையில ஆடியே ஜெயிப்பேன்."

"அப்ப ஜெயிங்க."

வாயில் நுரை. துப்பிவிட்டு, செகரெட்டரி சொன்னதைச் சொன்னேன். மனு அவர் மேஜை மேல் இருப்பது, முதலாளி சந்தோஷமாக இருந்தால் மேடையிலேயே அறிவிப்பு என்பது, எல்லாவற்றையும். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க தோத்து எனக்கு வாங்கித் தர்ற வேலை எனக்கு வேண்டாம்ங்க மாமா. அந்தக் கோர்ட்ல நின்னு நான் யாருக்கு என்னன்னு சொல்லிக் குடுப்பேன்? எப்படித் தோக்கறதுன்னா?"

"வேலைடி அது. கௌரவமான வேலை."

"வேலை கெடைக்காட்டியும் பரவால்ல. ஒரே ஒரு தடவ எனக்காக ஜெயிங்க. பதினோரு வயசுல இருந்து கேட்ட கதைய ஒரு தடவ கண்ணால பாத்துக்கறேன்."

அழவில்லை. அவள் அழுகிற ரகம் இல்லை. மட்டை மேல் கை வைத்துச் சத்தியம் கேட்டாள். வைத்தேன். நரம்பு ஒன்று தளர்ந்திருந்தது, அதையும் கவனித்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

பள்ளிக்கூடத்து சிமெண்ட் கோர்ட்டில் பயிற்சி. வாணி எதிர்ப்பக்கத்தில் இடது மூலையில் தன் செருப்பைக் கழற்றி வைத்தாள். "அதுதான் முதலாளியோட பேக்ஹேண்ட். அங்கயே போடுங்க."

போட்டேன். இரண்டாவது பந்தே செருப்பைத் தூக்கி அடித்தது. அதற்குப் பிறகு எத்தனை என்று எண்ணவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் கை தட்டினார். வாணி சிரித்தாள். பொங்கலுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"ஏனுங்க மாமா, இத்தன நாளு இந்த ஷாட்ட எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"புலி தெனமுமா வெளிய வரும்?" என்றேன்.

என் ஆட்டத்தைப் பார்த்தால் அறுபத்து மூன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாட்ச்மேன் ஐம்பது என்றார். சாயங்காலம் தெய்வானையின் வெந்நீர்ப் பையை நான் எடுத்துக்கொண்டேன். அவள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

ஜனவரி 27, சனி

செருப்பு பிய்ந்துவிட்டது. வாணிக்குப் புதுச் செருப்பு வாங்க வேண்டும். மோட்டார் ரிப்பேர்க்காரன் நாளைக்கு நாளைக்கு என்கிறான்.

மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இடம் போதாது என்று அரைப் பக்கமாக்கிவிட்டார்கள். எண்பத்தொன்றைப் பற்றி எழுதவில்லை. சுவீடன்காரனைப் போட்டிருக்கிறார்கள், ஆனால் 'ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் பாராட்டைப் பெற்றவர்' என்று ஒரே வரி.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று கிளப்பில் மட்டைக்கு நரம்பு பின்னப் போயிருந்தேன். ஓய்வு பெற்றாலும் அந்த வேலைக்கு என் கைதான் வேண்டுமாம். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேரன் பக்கத்தில், எட்டு வயதிருக்கும். இங்கிலீஷில் என்னவோ கேட்டான்.

முதலாளி சிரித்தார். "வெள்ளி, என்ன கேக்கறான் தெரியுமா? 'இவரா உங்க எதிரி'ன்னு கேக்கறான். நான் சொன்னேன், இவன் எதிரி இல்ல, இவன்தான் எனக்கு ஆட்டம் கத்துக் குடுத்தவன்னு."

"அய்யோ, முதலாளி."

"நெசந்தான. எண்பத்தொண்ணுல கோப்பை வாங்குனேனே, அந்தக் கோடை பூரா தெனமும் காலையில நீ என்கூட ஆடுனயல்ல. நீ இல்லாட்டி எனக்கு ஏது கோப்பை?"

கெட்ட மனுஷன் இல்லை. அக்கா செத்தபோது கார் அனுப்பினார். அதையும் எழுதி வைக்கிறேன்.

"வர்ற ஞாயித்துக்கெழமை கையக் கட்டாம ஆடு வெள்ளி. பேரன் பாக்கறான்" என்றார்.

கையைக் கட்டாமல் ஆடு என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க யோசித்தேன். இருபது வயதில் அந்தக் கோடையில் ஒவ்வொரு காலையிலும் அவருடைய முன்கைப் பக்கம், அதாவது வலது பக்கம், நான் வைத்த பந்துகளை அவர் தன் திறமை என்று நினைத்தாரா, தெரிந்தேதான் அடித்தாரா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

பிப்ரவரி 10, சனி

வெள்ளைக் கால்சட்டையைத் தெய்வானை நீலம் போட்டு உலர்த்தியிருக்கிறாள். கொஞ்சம் அதிகமாகவே நீலம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜெயிக்கப் போகிறேன். போவதற்கு முன் மோட்டார்க்காரனுக்குப் போன் செய்யவேண்டும்.

பிப்ரவரி 12, திங்கள்

நேற்று ஆட்டம் முடிந்து வந்து எழுதவில்லை. இன்று எழுதுகிறேன். முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் டீக்கடையில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள்.

ஷாமியானா, மைக், நாதஸ்வரம். கோர்ட்டை நாச்சிமுத்து நெற்றி மாதிரி வழவழப்பாக்கி வைத்திருந்தான். கோடுகள் நானே போட்டது. ஆடுகிறவனே கோடும் போட்ட ஆட்டம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

என்னை முன் கேட் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மைக்கில் 'நமது கிளப்பின் முன்னாள் ஊழியர்' என்றார்கள். புரொபஷனல் என்று சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். மறந்துவிட்டார்கள் போல. வாணி முதல் வரிசைக்குப் பின்னால் பந்து பொறுக்குகிறவர்கள் பக்கம் நின்றாள். புதுச் செருப்பு.

ஆரம்பத்தில் என் கை எரிந்தது. அதாவது நல்ல விதமாக. சர்வீஸ் அப்படி விழுந்தது. முதலாளியும் பதற்றத்தில் இரண்டு மூன்று பந்தை வலையில் கொட்டினார். மூன்றுக்கு ஒன்று. ஐந்துக்கு இரண்டு, எனக்கு! கூட்டம் அடங்கிவிட்டது. செகரெட்டரி எழுந்து நின்றார். நான் வாணியைப் பார்த்தேன். அவள் வாயில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை நீளமான ஆட்டம் எதுவும் இல்லை. பேக்ஹேண்ட் பக்கம் போட வேண்டிய தேவையே வரவில்லை. அப்புறம்தான் வந்தது. முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு பந்தைத் திருப்பித் திருப்பிப் போட ஆரம்பித்தார். நான் இடது மூலையைக் குறி வைத்தேன். மட்டையை விட்டுக் கிளம்பும்போது அங்கேதான் கிளம்பியது. விழுந்தபோது அவருடைய முன்கையில் கிடந்தது. அடித்தார். அடுத்த பந்தும் அப்படியே. பொள்ளாச்சியில் இந்த மாதம் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் காற்று இழுக்கும். டென்னிஸ் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்.

ஐந்துக்கு நாலு. என் சர்வீஸ். அதுவும் நாற்பதுக்கு முப்பது வரை வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் முடிந்தது.

முதலாளி தடுமாறிப் பந்தைக் குட்டையாகத் தூக்கிவிட்டார். அவர் நின்றது வலது ஓரத்தில், கோட்டுக்கு வெளியே. கோர்ட்டின் மறுபாதி முழுக்கக் காலி. ஒரு மாட்டு வண்டியைத் திருப்பலாம். செருப்பு எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடம் எனக்குத் தெரிந்தது. செருப்பே தெரிந்தது. பந்து என் முன்னால் இடுப்பு உயரத்தில் நின்றது. முதலாளி என்னைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. நாற்பது வருஷமாகக் காலையில் எப்படிப் பார்ப்பாரோ அப்படி, அடுத்த பந்து எங்கே வரும் என்று தெரிந்த மாதிரி நின்று பார்த்தார்.

அவருக்கு எங்கே பிடிக்குமோ அங்கே, தட்டில் பலகாரம் வைக்கிற மாதிரி, முன்கைக்கு நேராக, இடுப்பு உயரத்துக்கு எழும்பும்படி ஒரு பந்தைக் கொண்டுபோய் என் கை வைத்தது. அழகான பந்து. அவ்வளவு அழகாக நான் வேறு பந்து போட்டதில்லை.

அடித்தார். கோட்டில் விழுந்தது. நான் போட்ட கோடு.

அதற்குப் பிறகு ஏழுக்கு ஐந்து.

பேரன் ஓடிவந்து தாத்தாவைக் கட்டிக்கொண்டான். முதலாளி வலைக்கு வந்து என் தோளில் கை போட்டார். அவருக்கு நன்றாக வேர்த்திருந்தது. "அப்படியே பழைய வெள்ளிடா நீ" என்று காதில் சொன்னார். பிறகு மைக்கில், கிளப்பின் முதல் பெண் கோச்சாகச் செல்வி கோகிலவாணியை நியமிப்பதாக அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. மேடைக்கு வரச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார்கள். வாணி அங்கே இல்லை.

நாச்சிமுத்து என்னிடம், "என்னண்ணே, அஞ்சுக்கு ரெண்டு வரைக்கும் போயி என்னையவே ஏமாத்திட்டீங்களே. ஜெயிச்சுப்போடுவீங்கன்னு நெனச்சேன். தொழில்னா தொழில்தான்" என்றான். கையைப் பிடித்துக் குலுக்கினான்.

சிரித்து வைத்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வாணி காலையில் சமையல் கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தெய்வானை அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் மணையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"காத்து ஜாஸ்தியா இருந்துச்சு கண்ணு" என்றேன்.

"காத்தே இல்லைங்க மாமா. பவள விழாக் கொடி கம்பத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் அதையத்தான் பாத்துட்டு இருந்தேன்."

தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். துருவுகிற சத்தம் நின்றதும் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களால ஆவாம தோத்தீங்களா, வேணும்னே விட்டுக் குடுத்தீங்களா?"

"அதுல என்ன இருக்குது இப்ப?"

"இருக்குதுங்க மாமா. ஆவாம தோத்திருந்தா நான் இன்னிக்கே போயி வேலைல சேந்துக்கறேன். எல்லாருந்தான் தோக்கறாங்க, நானே எத்தன தோத்திருக்கேன். என்ற மாமன் எனக்காக நின்னு ஆடித் தோத்தாருன்னு தல நிமுந்து போவேன். விட்டுக் குடுத்திருந்தீங்கன்னா... சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு எனக்கு முன்னாலயே விட்டுக் குடுத்திருந்தீங்கன்னா, நான் அந்தப் படி மிதிக்க மாட்டேன். இந்த வீட்லயும் இருக்க மாட்டேன்."

தெய்வானை தோசையைத் திருப்பவில்லை. கருகுகிற வாசம் வந்தது.

"சொல்லுங்க. 'முடியல கண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அந்தப் பிள்ளை எவ்வளவு சுலபமாக அதைக் கேட்டாள்! ஜில்லாவில் முதல் புரொபஷனல். ஆஸ்திரேலியாக்காரன் தொப்பி வைத்த தலை. கதவு நிலையில் என் மட்டை தொங்குகிறது. அறுபத்தெட்டு வயதுக் கிழவர், குடை பிடிக்கிற பேக்ஹேண்ட், காலியான பாதிக் கோர்ட். அதில் 'முடியல' என்று நான் சொல்வதா?

சொன்னேன்: "என்னைய ஜெயிக்கறதுக்கு இந்த ஜில்லாவுல இன்னும் ஆளு பொறக்கல கண்ணு. நானாத்தான் விட்டுக் குடுத்தேன். உன்ற வேலைக்காக."

வாணி கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். முகத்தை இல்லை, கையை. பிறகு துருவிய தேங்காயைத் தெய்வானையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

தோசை கருகிவிட்டது. தெய்வானை அதையே என் தட்டில் போட்டாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

மோட்டார் சரியாகிவிட்டது. உள்ளே காயில் எரிந்துபோயிருந்ததாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வாணி ஓசூர் போகிறாள். அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமாம். சிநேகிதி ஒருத்தி ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். பையை நான் தூக்கினேன். பை தூக்குவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"போயிட்டு வர்றேங்க" என்றாள். மாமா என்ற வார்த்தையை விட்டுவிட்டாள். பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்காமலும் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் தெய்வானை கேட்டாள்: "ஒரு வார்த்த. தேங்காத் துருவற நேரத்துல சொல்லீருக்கலாமல்ல?"

"எந்த வார்த்த?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இருந்தே உங்களத் தெரியும். விட்டுக் குடுத்துட்டு வந்தா ராத்திரி நல்லா சாப்புடுவீங்க. அன்னிக்கு நீங்க சாப்புடல."

வயிறு சரியில்லாமல் இருந்தது. விழாவில் போட்ட ஐஸ்கிரீம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

வாணி தெய்வானைக்குப் போன் செய்தாள். சாப்பாடு பரவாயில்லையாம், குளிர் அதிகமாம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை என் பக்கம் நீட்டினாள் தெய்வானை. அதற்குள் லைன் போய்விட்டது.

டீக்கடையில் மெட்ராஸ் கதை கேட்டார்கள். மூன்று செட் என்று சொன்னேன்.

மார்ச் 4, திங்கள்

செகரெட்டரி ஆள் அனுப்பியிருந்தார், போனேன். கோச் வேலைக்கு வேறு யாரும் சரியாக அமையவில்லை. ஆள் அமையும் வரைக்கும் காலையில் வந்து முதலாளிக்குப் பந்து போட முடியுமா என்று கேட்டார். விழாவுக்குப் பிறகு முதலாளிக்கு ஆட்டத்தில் புது உற்சாகம் வந்திருக்கிறதாம். ஓய்வு பெற்ற ஆளைத் திரும்பக் கூப்பிடுவது எத்தனை பேருக்கு நடக்கும்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு அங்கேயே சரி என்றேன்.

மார்ச் 6, புதன்

விடிந்ததும் கிளப்புக்குப் போனேன். முதலாளி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நாச்சிமுத்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தான். மண் வாசம். கோர்ட்டில் நான் மட்டும்.

என் செருப்பைக் கழற்றி எதிர்ப்பக்கம் இடது மூலையில் வைத்துவிட்டு வந்தேன். கூடையில் இருந்த பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடித்தேன். எல்லாம் அங்கேதான் போய் விழுந்தன. ஈர மண்ணில் தடம் பதிந்து அந்த மூலை மட்டும் கோழி கிளறிய இடம் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை. இதைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

கார் சத்தம் கேட்டது. பந்துகளைப் பொறுக்கினேன். செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தடங்களைக் காலால் தேய்த்தேன்.

முதலாளியோடு ஒரு செட் ஆடினேன். இன்று அவருடைய பேக்ஹேண்டுக்கு நிறையப் போட்டேன். அவரால் தொடவே முடியவில்லை. திணறிப்போனார்.

வீட்டுக்கு வந்து இதைத் தெய்வானையிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனைக்கு எத்தன?" என்றாள்.

"ஏழுக்கு அஞ்சு."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.